பிய்ந்த பிளேடு எந்தப் பக்கம் போகும்? ஈவிடால்களில் ரோட்டர் வைக்கும் இடம்

மின்சாரத்தில் செங்குத்தாக எழும்பி இறங்கும் விமானங்களை, அதாவது ஈவிடால்களை, அறிமுகப்படுத்தும் எந்த விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். "எங்களிடம் 12 ரோட்டர், ஒன்று நின்றாலும் கவலையில்லை" என்ற வரி எங்காவது இருக்கும். ரோட்டர் என்பது மோட்டார் சுழற்றும் விசிறி, ப்ரொப்பெல்லர் என்றும் சொல்வார்கள்; பிளேடு அதன் இதழ். அந்த வரி பாதி உண்மை. மோட்டார் நின்றுபோவது ஒரு விபத்து, ரோட்டர் உடைந்து தெறிப்பது இன்னொரு விபத்து. முதலாவதைக் கணக்குப் போட்டுத் தாண்டிவிடலாம். இரண்டாவது, எது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதில் ரோட்டர்களின் எண்ணிக்கை கூடக் கூடச் சிக்கலும் கூடும், ஏனென்றால் தெறிக்கக்கூடிய பிளேடுகளும் கூடுகின்றன, அவை போய் மோதக்கூடிய பக்கத்து ரோட்டர்களும் கூடுகின்றன.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். வட்டமாக ஆறு ரோட்டர், எல்லாம் ஒரே அளவு, ஒரே சுமை. ஒன்று நின்றுவிட்டது. விமானம் அந்தப் பக்கம் சரியாமல் இருக்க, நேர் எதிரே உள்ளதையும் கிட்டத்தட்ட அணைத்தாக வேண்டும். மிச்சம் நான்கு. ஒவ்வொன்றும் முன்பு தூக்கியதைப்போல் 1.5 மடங்கு தூக்க வேண்டும். அந்தரத்தில் நிற்க ஒரு ரோட்டருக்குத் தேவைப்படும் திறன், உந்துவிசையின் ஒன்றரை அடுக்கில் ஏறும். 1.5 மடங்கு தூக்க 1.84 மடங்கு திறன் வேண்டும். எட்டு ரோட்டர் என்றால் 1.33 மடங்கு தூக்கல், 1.54 மடங்கு திறன். பன்னிரண்டு என்றால் 1.2 மடங்கு, 1.31 மடங்கு.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது சூடு. நிலையான கோணப் பிளேடு என்றால் டார்க், அதாவது மோட்டார் சுழற்றும் முறுக்குவிசை, உந்துவிசையோடு நேராக ஏறும். மோட்டாரின் செப்புச் சுருளில் உண்டாகும் சூடு டார்க்கின் இருமடியில் ஏறும். ஆறு ரோட்டர் விமானத்தில் ஒன்று போனால் மீதி நான்கு மோட்டாரிலும் 2.25 மடங்கு சூடு. இது ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா என்பதை வைத்துத்தான் மோட்டாரின் எடையே முடிவாகும். பேட்டரியிலிருந்து இழுக்கும் மொத்தத் திறனும் 22% கூடும். இறங்கும் நேரத்தில், சார்ஜ் குறைந்து வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். நிறைந்த பேட்டரியில் செய்து காட்டிய சோதனையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

சுற்றும் திசையையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆறு ரோட்டரை ஒன்றுவிட்டு ஒன்று வலம், இடம் என்று சுற்ற வைப்பதுதான் வழக்கம். அந்த அமைப்பில் எது நின்றாலும், உயரத்தையும் சாய்வையும் பிடித்துவைத்துக்கொண்டு மூக்கின் திசையையும் காப்பாற்ற முடியாது. இரண்டு வலம், இரண்டு இடம், ஒரு வலம், ஒரு இடம் என்று வரிசையை மாற்றினால் சில ரோட்டர்கள் நின்றாலும் முழுக் கட்டுப்பாடு மிஞ்சும், சிலவற்றுக்கு மிஞ்சாது. ஒரு கிராம் கூட எடை கூட்டாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது. ஆனாலும் எந்த ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை வெளியிடும் நிறுவனங்கள் குறைவு.

இறக்கையில் வரிசையாக ரோட்டர் வைக்கும் விமானங்களில் வேறொரு சங்கடம் உண்டு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எடை 2,400 கிலோ, ஆறு ரோட்டர், ஒவ்வொன்றும் 400 கிலோ தூக்குகிறது. இறக்கை நுனியில் உள்ளது நடுக்கோட்டிலிருந்து 5.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. அது சட்டென்று நின்றால் விமானத்தை உருட்டும் திருப்புவிசை சுமார் 21,600 நியூட்டன் மீட்டர். உருளலுக்கான நிலைமத் திருப்புத்திறனை, அதாவது உருளலை எதிர்க்கும் அளவை, 8,000 கிலோ சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.3 வினாடியில் 7 பாகை சாய்ந்திருக்கும், அதற்குள் சாயும் வேகம் வினாடிக்கு 46 பாகையைத் தொட்டிருக்கும். அரை வினாடி விட்டால் 19 பாகை. விமானி கையை அசைக்கவே அவ்வளவு நேரம் ஆகிவிடும். கணினிதான் எதிர்நுனியைக் குறைத்தாக வேண்டும், அதுவும் கோளாறு நிச்சயம்தானா என்று யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 0.3 வினாடிக்குள். நுனியில் ரோட்டர் வைத்தால் கேபினில் சத்தம் குறையும், இறக்கையின் இழுவையும் குறையும், கேபினிலிருந்தும் தூரம். அதற்கெல்லாம் விலை இந்த அரை வினாடி.

பெரிய ரோட்டர் என்றால் வேகத்தைச் சட்டென்று மாற்றவும் முடியாது. விட்டம் கூடும்போது சுழலும் நிலைமம் மிக வேகமாக ஏறும், மோட்டாரின் டார்க் அதே அளவுக்கு ஏறாது. அதனால்தான் பெரிய ப்ரொப்பெல்லர் வைப்பவர்கள் பிளேடின் கோணத்தை மாற்றும் அமைப்பையும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு ஆக்சுவேட்டர் (அசைக்கும் கருவி), சில இணைப்புத் தண்டுகள், ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு பேரிங். கட்டுப்பாடு கூடும்போது உடைவதற்கான பொருட்களும் கூடுகின்றன.

இனி உடைவது. மூன்று மீட்டர் விட்டம், ஐந்து பிளேடு, நுனி வேகம் வினாடிக்கு 150 மீட்டர் என்று ஒரு ப்ரொப்பெல்லரை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 955 சுற்று. ஒரு பிளேடு 2 கிலோ, அதன் எடை மையம் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி. அந்தப் பிளேடு ஹப்பை, அதாவது பிளேடுகளைப் பூட்டிய நடுக்குடத்தை, பிடித்து இழுக்கும் விசை 12,000 நியூட்டன், கிட்டத்தட்ட 1.2 டன். பிளேடு பிய்ந்தால் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கும். பிளேடு வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் தொடுகோட்டில் புறப்படும், அதன் ஆற்றல் 3,600 ஜூல். ஹப்பில் மிஞ்சியது சமநிலை கெட்டு, அதே 1.2 டன்னை வினாடிக்குப் பதினாறு தடவை சுற்றிச் சுற்றி, ரோட்டரைத் தாங்கும் கையான பூமின் மேல் அடிக்கும். மோட்டாரை உடனே அணைத்தாலும் அது சுற்றி ஓய ஓரிரு வினாடி ஆகும். அதற்குள் பல அடிகள் விழுந்திருக்கும். பூமை வடிவமைத்தவர் வழக்கமான உந்துவிசைக்கும் காற்று உலுக்கலுக்கும் மட்டும் கணக்குப் போட்டிருந்தால், பூமே கழன்றுவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கில்லை என்பதற்கு இரண்டு சோதனை விபத்துகள் சாட்சி. 2022 பிப்ரவரி 16 அன்று கலிபோர்னியாவின் ஜோலோன் அருகே, ஈவிடால் நிறுவனமான ஜோபியின் முன்மாதிரி விழுந்தது. ஆளில்லாமல் தரையிலிருந்து இயக்கிய பறப்பு, வேக எல்லையை நீட்டிப் பார்க்கும் சோதனை. ஒரு ப்ரொப்பெல்லரின் பிளேடு பிய்ந்து பக்கத்து ப்ரொப்பெல்லரைத் தாக்க, சேதம் அடுத்தடுத்துப் பரவியது. 2023 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் விமான நிலையத்தில் வெர்ட்டிகல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விஎக்ஸ்4 விழுந்தது. அதுவும் ஆளில்லாமல்தான். ஒரு மோட்டாரை வேண்டுமென்றே அணைத்து அந்தரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிளேடு, பசை ஒட்டு விட்டுப்போனதால் கழன்றது. சமநிலை கெட்ட ஆட்டத்தில் அந்த ப்ரொப்பெல்லரைத் தாங்கிய பைலான் உடைந்தது, உடைந்த பைலான் வயர்க் கட்டைச் சேதப்படுத்த, அதே பக்கத்தில் வெளியே இருந்த இன்னொரு ப்ரொப்பெல்லரும் உந்துவிசையை இழந்தது. யாருக்கும் காயமில்லை.

இரண்டாவதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். அணைத்து வைத்த மோட்டார் ஒன்று, பிளேடு பிய்ந்தது ஒன்று, வயர் போனதால் நின்றது ஒன்று. பறந்த பிளேடு எதையும் தாக்க வேண்டிய அவசியம் கூட இல்லாமல் மூன்று. "ஒன்று போனால் தாங்கும்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

அந்தப் பசை ஒட்டு கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டிய இடம். பிளேடின் உடல் கார்பன் இழை, அதன் அடிப்பாகம் ஹப்பில் பூட்டுவதற்காக உலோகம். இரண்டும் சேரும் இடத்தில் பசை. ஒட்டிய பிறகு அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் இடைவெளி இருந்தால் தெரியும், காற்றுக் குமிழி இருந்தால் தெரியும். பசை தொட்டுக்கொண்டிருக்கிறது ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை என்ற நிலை தெரியாது. ஒட்டும் முன் உலோகப் பரப்பில் விரல் பட்ட எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலே அந்த நிலை வந்துவிடும். அமெரிக்க ப்ரொப்பெல்லர் விதியான பகுதி 35, இந்தச் சேர்மானத்தைத் தனியாகவே குறிப்பிட்டு, அதிகபட்ச மையவிலக்கு விசையைப்போல் இருமடங்கில் ஒரு மணி நேரம் சோதிக்கச் சொல்கிறது. நம் உதாரணத்தில் 2.4 டன், ஒரு மணி நேரம். ஆனால் அது மாதிரிப் பிளேடுக்கான சோதனை. தொழிற்சாலையிலிருந்து வரும் ஐநூறாவது பிளேடை ஒட்டியவர் அன்றைக்குப் பரப்பைச் சரியாகத் துடைத்தாரா என்பதை அது சொல்லாது. பசையை மட்டும் நம்பாமல், இழைகளையே உலோக அடிப்பாகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அல்லது அடியை ஆப்பு வடிவில் அகலமாக்கி, பசை விட்டாலும் பிளேடு வெளியே வர முடியாதபடி செய்வதுதான் சரியான வழி. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

பிளேடு பிய்வதே இல்லை என்று வைத்துக்கொண்டு இடம் ஒதுக்க முடியுமா? ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019இல் வெளியிட்ட சிறப்பு நிபந்தனையின்படி, ஊருக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் ஈவிடாலில், பேரழிவில் முடியும் கோளாறு நூறு கோடி பறப்பு மணிக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்த ஒற்றைக் கோளாறும் தனியாகப் பேரழிவை உண்டாக்கக் கூடாது. ஒற்றைக் கோளாறு கூடாது என்ற அந்த இரண்டாம் வரிதான் ரோட்டரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. பிய்ந்த பிளேடு என்பது ஒற்றைக் கோளாறு. அது விமானியையோ, இரண்டு வயர் வழிகளையும் சேர்த்தோ, பக்கத்து ரோட்டரையோ தாக்கினால் அதற்குப் பிறகும் விமானம் பறக்கிறதா என்று காட்டியாக வேண்டும்.

செய்முறை இப்படி. கணினி வரைபடத்தில் ஒவ்வொரு ரோட்டர் ஹப்பிலிருந்தும் அதன் சுழல் தளத்தை வெளியே நீட்டுங்கள். முன்னும் பின்னும் 5 பாகை விரிவுள்ள ஒரு பட்டை வரையுங்கள். பழைய விமான விதிகளில், உடலுக்கு மிக அருகில் உள்ள ப்ரொப்பெல்லரின் இந்த 5 பாகைப் பட்டைக்குள் விமானியோ அவர் கைப்பிடியோ இருக்கக் கூடாது. பிறகு 15 பாகையில் இன்னொரு பட்டை. டர்பைன் எஞ்சின் தெறிப்புக்கான அமெரிக்க வழிகாட்டி ஏசி 20-128ஏ, விசிறி பிளேடின் துண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளும் விரிவு அது. ப்ரொப்பெல்லருக்காக எழுதப்பட்டது இல்லை என்றாலும் தொடங்குவதற்கு நல்ல எண். இந்த இரண்டு பட்டைக்குள் விழும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: ஆள், பேட்டரி, உயர் வோல்டேஜ் கேபிள், பறப்புக் கணினி, வால் ஆக்சுவேட்டர், அடுத்த ரோட்டர்.

சாயும் ரோட்டர் என்றால் வேலை பெருகும். மேலே எழும்பும்போது தளம் கிடைமட்டம், பட்டை கேபின் கூரைக்கு மேலே போய்விடும், நிம்மதி. முன்னே பறக்கும்போது தளம் செங்குத்து, பட்டை கேபினைக் குறுக்கே வெட்டும். நடுவில் 0 முதல் 90 பாகை வரை பட்டை ஒரு விசிறிபோல் எல்லாவற்றையும் தடவிக்கொண்டு போகும். ஐந்து பாகைக்கு ஒரு படம் என்று வைத்தால் ஒரு ரோட்டருக்கு 19 படம், ஆறு ரோட்டருக்கு 114. இரண்டு முனைகளை மட்டும் வரைந்துவிட்டு நடுவை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. 60 பாகைச் சாய்வில் விமானியின் தலை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சாய்வில்தான் பிளேடுகள் பக்கவாட்டுக் காற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வளைந்து நிமிர்ந்து களைக்கின்றன.

பட்டைக்குள் விழுந்ததை என்ன செய்வது? நகர்த்துவதுதான் முதல் வழி. விமானி இருக்கையை அரை மீட்டர் முன்னே தள்ளுவது மலிவு, ப்ரொப்பெல்லரை அரை மீட்டர் பின்னே தள்ளினால் எடை மையம் கெடும். பக்கத்துப் பக்கத்து ரோட்டர்களை ஒரே தளத்தில் வைக்காமல் ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே, அல்லது ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே என்று மாற்றி மாற்றி வைக்கலாம். ஒன்றிலிருந்து தெறித்தது இன்னொன்றின் தட்டுக்குள், அதாவது அதன் பிளேடுகள் சுற்றும் வட்டத்துக்குள், நுழையாமல் தாண்டிப்போகும். எனக்குப் பிடித்தது வேறொன்று: தூக்கு ரோட்டர்களைச் சில பாகை சரித்துப் பூட்டுவது. எட்டு பாகை சரித்தால் தூக்கலில் இழப்பு 1% மட்டுமே. பதிலுக்கு உந்துவிசையின் 14% பக்கவாட்டில் கிடைப்பதால் மூக்கைத் திருப்பும் வலு பல மடங்கு கூடும். கூடவே தெறிப்புப் பட்டையும் கேபினை விட்டு விலகும். ஒரு மாற்றத்தில் இரண்டு பிரச்சினை தீர்வது இந்தத் துறையில் அபூர்வம்.

ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு ரோட்டர் வைப்பது இடத்தை மிச்சப்படுத்தும். சீனாவின் ஈஹாங் இஎச்216-எஸ் அப்படித்தான், எட்டுக் கையில் பதினாறு. 2023 அக்டோபரில் சீன விமானத் துறையின் வகைச் சான்று பெற்றது. இந்த அமைப்பில் கீழ் ரோட்டர் மேலுள்ளது தள்ளிய காற்றிலேயே வேலை செய்யும். கோட்பாட்டின்படி இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால், தனித்தனியாக இருப்பதைவிடக் காற்றைத் தள்ளும் திறன் 41% கூடுதலாக வேண்டும், நல்ல இடைவெளி விட்டாலும் 28%. அதைவிட எனக்கு உறுத்துவது, ஒரு கை ஒடிந்தால் இரண்டு ரோட்டரும் சேர்ந்தே போகும் என்பதுதான். மேல் பிளேடு வளைந்து பிய்ந்தால் முதலில் சந்திப்பதும் கீழ் பிளேடைத்தான். பதினாறு என்று எண்ணுவதைவிட இரண்டிரண்டாக எட்டு என்று எண்ணுவது நேர்மையான கணக்கு. ரோட்டர்கள் கேபினுக்குக் கீழே, கால் உயரத்தில் இருப்பதால் தெறிப்புப் பட்டை பயணியின் தலைக்கு வராது, தரையில் நிற்பவரின் முழங்காலுக்கு வரும்.

ரோட்டரைச் சுற்றி வளையம் இருந்தால் பிளேடு வெளியே வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஜெட் எஞ்சினின் உறை பிளேடைப் பிடித்து வைக்கும் என்றால், அதற்குக் காரணம் உண்மையான எஞ்சினில் முழு வேகத்தில் பிளேடை வேண்டுமென்றே பிய்த்துவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த உறை கனமானது. சத்தத்துக்காகவும் தூக்கலுக்காகவும் போட்ட மெல்லிய கார்பன் வளையம் பிளேடைப் பிடிக்காது, தன் துண்டுகளையும் சேர்த்து அனுப்பும்.

வயருக்கு வருவோம். ஒரு மோட்டாருக்கு இரண்டு இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), இரண்டு பேட்டரி என்று கொடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஆனால் இரண்டு கேபிளும் இறக்கையின் முன்விட்டத்தை (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்களில் முன்னால் உள்ளதை) ஒட்டி ஒரே கிளிப்பில் போனால் அது ஒரே கேபிள்தான். ஒன்று முன்விட்டத்தில், இன்னொன்று பின்விட்டத்தில் போக வேண்டும், பட்டைப் படத்தில் ஒரே துண்டு இரண்டையும் வெட்ட முடியாது என்று காட்ட வேண்டும். பேட்டரிப் பங்கீட்டிலும் இதே கவனம். ஆறு ரோட்டர், மூன்று பேட்டரி என்றால் ஒரு பேட்டரிக்கு நேர் எதிரெதிர் ரோட்டர் இரண்டைக் கொடுங்கள். பேட்டரி போனால் எதிரெதிராகவே இரண்டு நிற்கும், மேலே பார்த்த நான்கு ரோட்டர் கணக்குக்கே திரும்பி வருவோம். வயரின் நீளத்தை மிச்சப்படுத்த இடது இறக்கைக்கு ஒரு பேட்டரி, வலதுக்கு ஒரு பேட்டரி என்று கொடுத்தால், ஒரு பேட்டரி போன மறுகணம் விமானம் கவிழும்.

காற்றும் இடத்தைப் பார்க்கும். தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டர் வேகமாக இறங்கினால், சுழல் வளையத்தில் மாட்டித் தூக்கலை இழக்கும். ஹெலிகாப்டரில் ஒரே ரோட்டர், அதனால் விமானம் நேராகத் தாழும். பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ரோட்டர் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் முதலில் மாட்டும், விமானம் உருளும். 2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மரானாவில், சாயும் ரோட்டர் கொண்ட அமெரிக்க ராணுவ விமானமான வி-22 ஆஸ்ப்ரே அப்படித்தான் கவிழ்ந்தது, 19 பேர் இறந்தார்கள். குறைந்த முன்வேகத்தில் நிமிடத்துக்கு 2,000 அடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரைவிட ஈவிடால்களில் தட்டின் மேல் சுமை அதிகம் என்பதால் இந்த வாசல் இன்னும் வேகமான இறக்கத்தில்தான் திறக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 500 நியூட்டன் என்றால் கீழே தள்ளப்படும் காற்றின் வேகம் வினாடிக்கு 14 மீட்டர், ஆபத்து அதில் சுமார் பாதியில் தொடங்கும். ஆனால் ஒன்று நின்றபின் எதிர் ரோட்டரை முழுதாக அணைக்காமல் பாதிச் சுமையில் சுற்றவிட்டால் அதற்கு அந்த எண் வேறு, வினாடிக்கு 10 மீட்டர்தான். இறங்கும் வேக வரம்பை எழுதும்போது அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கடைசியாகத் தரை. சாயும் ப்ரொப்பெல்லர் முன்னோக்கியே சிக்கிக்கொண்டால் ஓடுபாதையில் சாதாரண விமானம்போல் இறங்க வேண்டியிருக்கும். அப்போது பிளேடு நுனி தரையைத் தொடக் கூடாது. மூக்குச் சக்கர விமானத்துக்குப் பழைய விதி கேட்பது 7 அங்குலம், அதாவது 18 சென்டிமீட்டர். உயரமான இறக்கையில் மூன்று மீட்டர் ப்ரொப்பெல்லரை வைத்தால் ஹப் தரையிலிருந்து குறைந்தது 1.7 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும். அந்த உயரம் கிடைக்காவிட்டால் எந்தப் பிளேடை எந்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்குவது என்று கைநூலில் எழுதியாக வேண்டும்.

கதவும் அப்படியே. மின்மோட்டார் சத்தமில்லாமல் நிற்கும், சத்தமில்லாமல் கிளம்பும். நின்றிருக்கும் ரோட்டரைப் பார்த்து அது அணைந்திருக்கிறது என்று தரைப் பணியாளர் நம்பிவிடுவார். பயணி ஏறும் வழி எந்தத் தட்டுக்கும் அடியில் போகாதபடி கதவை வையுங்கள். கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கத்து இன்வெர்ட்டர்களுக்கு மின்சாரமே போகாதபடி காண்டாக்டரை (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சை) பூட்டுங்கள், மென்பொருளில் மட்டும் பூட்டினால் போதாது. பறக்கும்போது கதவு சுவிட்ச் பழுதாகி "திறந்திருக்கிறது" என்று சொன்னால் அதே பூட்டு ஒரு பக்கத்து மோட்டார்களை அணைத்துவிடும். அதனால் சக்கரத்தில் எடை இருக்கிறதா என்ற சென்சாரையும் அதோடு தொடராக இணைக்க வேண்டும்.